ஒரே எழுத்து, மூணு வாரம்: இடைக்கால வெல்ஷ் பஞ்சாயத்து

ரெக்கார்ட் ஆகுதா? ஆகுது. இந்தத் தாளைப் பாருங்க, கிட்ட காட்டுறேன். ஒரே வரியில நாலு பென்சில் வட்டம். நாலுக்குள்ளயும் இருக்கிறது ஆங்கிலத்துலயும் வர்ற 'ஒய்'ங்கிற எழுத்து. மூணு வாரமா இதோடதான் மல்லுக்கட்டு.

புதுசா பாக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் படிக்கிறது இன்னைக்கு வேல்ஸ்ல பேசுற வெல்ஷ் இல்ல. ஏறத்தாழ 1150-லேருந்து 1400 வரைக்கும் புழங்கின வெல்ஷ், அதாவது மாபினோகிங்கிற பழைய வெல்ஷ் கதைகளோட மொழி. 1350 வாக்குல எழுதின 'ரதெர்க் வெள்ளைப் புத்தகம்'னு ஒரு சுவடி வேல்ஸ்ல அபெரிஸ்ட்வித்ங்கிற ஊர்ல தேசிய நூலகத்துல இருக்கு. பக்கம் பக்கமா படம் எடுத்து இலவசமாவே போட்டிருக்காங்க. இலக்கணத்துக்கு சைமன் எவான்ஸ் எழுதி 1964-ல டப்ளின்ல வந்த புத்தகம். எல்லாமே இருக்கு அதுல. அதான் பிரச்சனை, முதல் பக்கத்துலேருந்தே எல்லாமே இருக்கு!

சரி, கதைக்கு வருவோம். டவெட் நாட்டு இளவரசன், பேரு புயில், வேட்டைக்குப் போறான். காட்டுல வேற யாரோட நாய்களோ ஒரு மானை வீழ்த்துது. அந்த நாய்களோட உடம்பு பளீர் வெள்ளை, காது மட்டும் சிவப்பு. அப்போ வர்ற வரி இது: "அக் வால் அ லாத்ரெய் வன்னெட் அ கூன், அ லாத்ரெய் கோஹெட் அ க்ளிஸ்டெய்." நாய்களோட வெண்மை எப்படி மின்னுச்சோ, காதுகளோட சிவப்பும் அப்படியே மின்னுச்சு.

நான் 'அ'ன்னு சொன்னது எல்லாமே அந்த ஒய்தான். ரெண்டு, வினைக்கு முன்னாடி வர்ற இடைச்சொல். ரெண்டு, ஆங்கிலத்துல 'தி' போடுவோமே, அது. எழுத்துல ஒரு வித்தியாசமும் கிடையாது.

இதோட விட்டா பரவாயில்ல. 'அவனோட'ங்கிறதுக்கும் ஒய். 'அவளோட'ங்கிறதுக்கும் ஒய். 'இன்னாருக்கு'ங்கிற 'கு'வுக்கும் ஒய்! அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? அடுத்த சொல்லோட முதல் எழுத்தைப் பாக்கணும். 'மாம்'னா அம்மா. 'ஒய் மாம்'னு எழுதியிருந்தா அவளோட அம்மா. 'ஒய் வாம்'னு எழுதியிருந்தா அவனோட அம்மா. பிள்ளை ஆணா பொண்ணாங்கிற அடையாளம் அம்மா மேல ஒட்டியிருக்கு பாருங்க. ஆனா அதே 'ஒய் வாம்' 'அந்த அம்மா'வாவும் இருக்கலாம், 'ஒரு அம்மாவுக்கு'ன்னும் இருக்கலாம். இடம் பாத்துதான் முடிவு பண்ணணும்.

நமக்குப் புணர்ச்சி பழக்கம்தான். ஆனா மரம், வேர் சேந்தா நாம முதல் சொல்லோட வாலை வெட்டுவோம், மரவேர்னு. இவங்க அடுத்த சொல்லோட தலையில கை வைக்கிறாங்க. அகராதியில தேடவே முடியாது. அந்த 'வன்னெட்' இருக்கே, அதை 'க்வன்னெட்'னு தேடணும். முதல்ல இருந்த 'க்' காணாமப் போயிருக்கு. அதே வரியில 'கோஹெட்' மட்டும் அப்படியே இருக்கு, மாறல! ஒரே மாதிரி இடம்தான் ரெண்டும். இங்க ஒரு நாள் முழுக்க உக்காந்துட்டேன். சுவடி எழுதினவங்க சில நேரம் மாத்தி எழுதுவாங்க, சில நேரம் எழுதமாட்டாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நமக்குச் சுலபம். இந்த ஒய் சில இடத்துல 'அ', சில இடத்துல 'இ'. ஒரே எழுத்துக்கு ரெண்டு ஒலின்னா நாம மிரள மாட்டோம். நமக்குப் 'பாட்டி'யில ஒரு 'ப', 'தம்பி'யில வேற 'ப'. பழகினவங்க.

ஆங்... கதை. புயில் அந்த நாய்களை விரட்டிட்டு, அது பிடிச்ச மானைத் தன் நாய்களுக்குப் போட்டுடுறான். மரியாதை கெட்ட வேலை. நாய்க்குச் சொந்தக்காரன் அரவுன், அன்னுவ்ன்ங்கிற மறு உலகத்தோட ராஜா, குதிரையில வந்து நிக்கிறான். "நீ யாருன்னு எனக்குத் தெரியும், ஆனா உனக்கு வணக்கம் சொல்லமாட்டேன்"ங்கிறான். அந்த வாக்கியத்தோட கடைசிச் சொல் 'இட்', 'உனக்கு'. நேத்து ராத்திரி அது என்னன்னு தேடிப் பாக்குறேன், நம்ம ஒய்தான்! அதே 'கு'. முன்னிலை விகுதி மாட்டிக்கிட்டு வந்து நிக்குது.

இதுக்கும் ஒரு வட்டம் போட்டாச்சு.