கையெழுத்துப் போட்ட தூக்கம்

நடுவர் அவர்களே, திருவாரூர்ப் பெருமக்களே, வணக்கம். நீதி தடுமாறப் பெரிதும் காரணம் பணமா, தூக்கமின்மையா? தூக்கமின்மைதான்!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "சோழ வளநாடு சோறுடைத்து. சோறு தின்னா தூக்கம் வரும். அதான் இந்த அணி தூக்கத்தைப் பத்தியே பேசுது." கைதட்டினீங்க, நானும் தட்டினேன். இப்ப கணக்குக்கு வாங்கய்யா. 1997-ல ஆஸ்திரேலியாவுல சோதிச்சாங்க. 17 மணி நேரம் முழிச்சிருந்தவன் கை தடுமாறினது, ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் ஏறினவன் அளவுக்கு. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட வரம்பே 0.03! காலையில 6 மணிக்கு எழுந்து ஆழித்தேர் பந்தோபஸ்துக்கு நின்னவர், ராத்திரி 11 மணிக்கு நம்மளை மறிச்சு "ஊதுப்பா"ங்கிறார். நாம ஊதினா மெஷின் காட்டிக்கொடுக்கும். அவர் ஊதினா? தூக்கத்துக்கு ஏதுய்யா வாடை! அதே கண்ணோடதான் ஆளை அடையாளம் பார்க்கணும், அதே கையாலதான் புகார் எழுதணும்.

இன்னும் கேளுங்க. 2016-ல வந்த அமெரிக்க ஆய்வு. 88 மாணவர்கள், கம்ப்யூட்டர் வேலை. "எதை வேணா தட்டு, 'எஸ்கேப்' பட்டனை மட்டும் தொடாதே, எல்லாம் அழிஞ்சிடும்." கொஞ்சம் பேரைத் தூங்க விட்டாங்க, மத்தவங்களை விடிய விடிய முழிக்க வச்சாங்க. காலையில ஒரு காகிதம்: "நான் எஸ்கேப்பைத் தொட்டேன்." தொடலைங்க! தூங்கினவங்கள்ல 18 சதவீதம் கையெழுத்துப் போட்டாங்க. தூங்காதவங்க? சரிபாதி! மறுபடி கேட்டதும் 68 சதவீதம்! அடி இல்லை, மிரட்டல் இல்லை, ஒரே ஒரு ராத்திரி. பட்டன் பேரு எஸ்கேப், ஆனா மூணுல ரெண்டு பங்குப் பேர் எஸ்கேப் ஆகலை!

"போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதல் செல்லாதே"ன்னு வக்கீல் அண்ணன் முணுமுணுக்கிறார். செல்லாதுதான். ஆனா அதை வச்சுப் பொருளைக் கண்டெடுத்தா, அந்த அளவுக்குச் செல்லும்ணே. இங்கிலாந்துல காவல்ல இருக்கிறவனுக்கு 24 மணி நேரத்துல தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வுன்னு விதியே இருக்கு. ராத்திரியெல்லாம் வாக்குமூலம் வாங்கினதை 2024-ல பம்பாய் உயர் நீதிமன்றமே கண்டிச்சிருக்கு.

கன்னுக்குட்டியைப் பறிகொடுத்த பசு மணியடிச்ச ஊருய்யா இது! ஸ்டேஷன் வாசல்ல தூக்குச்சட்டியோட ஒரு தாய் நிக்கிறா. "அவனைச் செத்த நேரம் தூங்க விடுங்க சாமி, அப்புறம் என்ன வேணா கேளுங்க"ங்கிறா. பணம் பணம்ங்கிறாரே எதிரணித் தலைவர், அவ மடியில ஏதுய்யா பணம்? அந்தத் தாய் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்க நடுவரே. நன்றி, வணக்கம்.