குட்டி உடம்பு, பெரிய வேலை: முசுறு, குழிநரி, நீர்க்கரடி

ஹாய் குட்டீஸ்! இன்னைக்கு மூணு குட்டி உயிருங்களப் பாக்கப் போறோம், இதுக்காக காட்டுக்கோ ஜூவுக்கோ போக வேணாம், ஒரு மாமரம், கொஞ்சம் காஞ்ச மண்ணு, மழைக்குப் பாசி புடிச்ச சுவரு, இது இருந்தா போதும்.

(திரையில்: மாமரக் கிளை, இலைகள ஒட்டிச் செஞ்ச உருண்டைக் கூடு)

மொதல்ல முசுறு எறும்பு. செவப்பா, நீளக் காலோட மரத்துல ஓடிக்கிட்டே இருக்குமே, அதேதான். மாங்கா பறிக்க மரம் ஏறுனவங்க எல்லாருக்கும் இத நல்லாத் தெரியும், ஏன்னா கடி அப்படி! கடிச்சதோட விடாது, பின்பக்கத்த வளைச்சு அந்த இடத்துலயே ஃபார்மிக் ஆசிட்ட பீச்சும், அதான் அந்த எரிச்சல்.

இது மண்ணுக்குள்ள கூடு கட்டாது. மரத்து மேல பச்சை இலைய வளைச்சு ஒட்டித்தான் வீடு கட்டும். எறும்போ ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், மா இலை எவ்ளோ பெருசு, எப்படி வளைக்குது? ஒரு எறும்பு இலையோட ஓரத்தக் கவ்வி இழுத்துப் பாக்கும், லேசா வளைஞ்சா போதும், பக்கத்துல இருக்குறதெல்லாம் ஓடி வந்து வரிசையா நின்னு சேர்ந்து இழுக்கும். அடுத்த இலை எட்டவே இல்லன்னா? அப்பத்தான் நீங்க பாக்கணும், ஒரு எறும்போட இடுப்ப இன்னொண்ணு வாயால புடிச்சுக்கும், அதோட இடுப்ப அடுத்தது, இப்படியே ஒண்ண ஒண்ணு புடிச்சு சங்கிலியா தொங்கி அந்த இலைய எட்டிப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துரும்.

சரி, இலை பக்கத்துல வந்தாச்சு, ஒட்டணும்ல? பெரிய எறும்புங்ககிட்ட ஒட்டறதுக்கு எதுவும் கெடையாது. பாப்பாகிட்டதான் இருக்கு! முட்டைலேருந்து வந்த புழுப் பாப்பாவோட வாயிலேருந்து பட்டு நூல் வரும். அதனால ஒரு எறும்பு பாப்பாவ மெதுவா வாயில தூக்கிட்டு வந்து, நாம கம் ட்யூப்ப வச்சு ஒட்டுவோமே அந்த மாதிரி, இந்த இலையில ஒரு தடவ அந்த இலையில ஒரு தடவன்னு மாத்தி மாத்தித் தொட வச்சு நூல இழுத்து ஒட்டிரும். மத்த சில எறும்புப் பாப்பாங்க இந்தப் பட்டு நூல்ல தனக்குன்னு ஒரு உறை பின்னி அதுக்குள்ள தூங்கும். முசுறுப் பாப்பா உறை பின்னாது, நூல மொத்தமா வீட்டுக்கே குடுத்துருது. எனக்கு இந்த எறும்புகிட்ட ரொம்பப் புடிச்ச விஷயமே இதுதான்.

பலமும் ஜாஸ்தி. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல ஒரு விஞ்ஞானி எடுத்த போட்டோ இருக்கு, அதுல ஒரு முசுறு வழுவழுப்பான பரப்புல தலைகீழா நின்னுக்கிட்டு தன்னோட எடையப் போல 100 மடங்கு எடைய வாயில கவ்விட்டு இருக்கும். காலுக்கு அடியில இருக்குற ஒட்டுற மெத்தைதான் அது விழாம புடிச்சுக்குது. சீனாவுல ஆரஞ்சுத் தோட்டக்காரங்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கூட்ட வாங்கிட்டு வந்து மரத்துல கட்டி வச்சாங்க, இலையத் திங்குற பூச்சிங்கள இதுங்க வேட்டையாடிரும்ல!

(திரையில்: காஞ்ச மண்ணுல கூம்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள்)

அடுத்து குழிநரி, குழியானைன்னும் சொல்லுவாங்க. நரியும் இல்ல, யானையும் இல்ல, றெக்கை இருக்குற ஒரு பூச்சியோட புழுப் பாப்பாதான் இது. திண்ணை ஓரத்துல, மழை படாத இடத்துல, பொடி மண்ணுல இந்தக் குழிங்கள நீங்க பாத்திருப்பீங்க. பின்னாடியே நகர்ந்து வட்டமா சுத்திச் சுத்தி, தலையால மண்ண வீசி வீசித்தான் இந்தக் குழியத் தோண்டுது. சரிவு எப்படி இருக்கும்னா, ஒரு எறும்பு கால வச்சாலே மண்ணு சரியும். ஏற ஏற வழுக்கும், கீழேருந்து குழிநரி வேற மண்ண வாரி எறியும், எறும்பு நேரா அதோட கொடுக்குல வந்து விழும். பாவமாத்தான் இருக்கு, ஆனா அதுக்கு சாப்பாடு அதுதான்.

இன்னொண்ணு தெரியுமா, மண்ணுக்குள்ள இருக்குற வரைக்கும் இது கக்காவே போகாது! அப்புறம் மண்ணையும் நூலையும் சேத்து ஒரு உருண்டை செஞ்சு உள்ள போய், றெக்கையோட பெரிய பூச்சியா வெளிய வந்தப்புறம்தான் எல்லாத்தையும் சேத்துப் போகும்.

(திரையில்: மைக்ராஸ்கோப்ல எட்டுக் காலோட மெதுவா நடக்குற நீர்க்கரடி)

கடைசியா நீர்க்கரடி, ஈரப் பாசிக்குள்ளயும் இருக்குற ஒரு குட்டி உயிரு, பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். தண்ணி வத்திப்போனா காலெல்லாம் உள்ள இழுத்து உருண்டையா சுருங்கிக் காஞ்சு கெடக்கும், திரும்பத் தண்ணி பட்டா எழுந்து நடக்கும். 2007-ல ராக்கெட்ல ஏத்தி, காத்தே இல்லாத விண்வெளியில தெறந்து வச்சாங்க, திரும்பி வந்து தண்ணி ஊத்துனதும் சிலது பொழச்சுக்கிச்சு, முட்டையும் போட்டுச்சு! அண்டார்டிகாவுல 1983-ல எடுத்து ஐஸ்ல வச்ச பாசியிலேருந்து 30 வருஷம் கழிச்சும் ஜப்பான்ல ஒண்ணு எழுந்து முட்டை போட்டிருக்கு.

பாக்க ஆசையா இருக்கா? பெரியவங்களக் கூட்டிக்கிட்டுப் போய் சுவத்துப் பாசிய ஒரு சிட்டிகை எடுத்து, தட்டுல தண்ணி ஊத்தி ராத்திரி பூரா ஊற வச்சு, காலைல பிழிஞ்ச தண்ணிய ஸ்கூல் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாருங்க, பொறுமையாத் தேடணும், மொதல் சொட்டுலயே கெடைக்காது. பாத்து முடிச்சதும் அந்தப் பாசிய எடுத்த இடத்துலயே வச்சிருங்க, உள்ள இன்னும் நெறைய பேரு இருக்கலாம்.