வெளுப்புக்குக் கீழே இருப்பதும் தங்கம்தான்

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டவுன் ரத வீதிப் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். வைரக்கல் வைத்த வெள்ளைத் தங்க மோதிரம் இப்போது நம் பக்கத்துக் கல்யாணங்களில் சாதாரணமாகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்குப் பளிச்சென்று போட்ட மோதிரத்தை ஒன்றிரண்டு வருடம் கழித்துப் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். "அண்ணாச்சி, உள்பக்கம் மஞ்சளடிச்சுப் போச்சு, ஏமாத்திட்டாங்களோ?" என்று கேட்கும்போது முகமே வாடியிருக்கும். அப்படி வருத்தப்படுகிறவர்களுக்காகத்தான் இன்று பேச வந்தேன். பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. நகைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தங்கத்தின் நிறம் மஞ்சள். அதை வெளுக்க வைக்க வேண்டுமானால் வேறு உலோகம் சேர்த்து உருக்க வேண்டும். பல்லேடியம் அல்லது நிக்கல் சேர்ப்பார்கள். கூடவே வெள்ளி, துத்தநாகம், செம்பு என்று கொஞ்சம் இருக்கும். 18 காரட் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம், மீதி 250 பங்கு இந்தக் கலவை. இவ்வளவு சேர்த்தாலும் முழு வெள்ளை வராது. லேசாகச் சாம்பலோ மஞ்சளோ தட்டும். அதனால் மேலே ரோடியம் என்ற உலோகத்தால் முலாம் பூசுகிறார்கள். கடையில் நம் கண்ணைப் பறிப்பது அந்த ரோடியத்தின் வெளுப்பு. பல்லேடியம், ரோடியம் இரண்டையுமே 1802-க்கும் 1804-க்கும் இடையில் பிளாட்டினத் தாதுவிலிருந்து பிரித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹைட் வோலஸ்டன் என்ற ஒரே மனிதர்தான். எனக்கு இது எப்போதும் ஆச்சரியம்.

அந்த முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி, தேய்ந்ததும் மறுபடி பூசுவோமே, அதே கதைதான் இதுவும். மோதிரம் நாள் முழுக்க உரசுவதால் சீக்கிரம் தேயும். கம்மலும் டாலரும் பல வருடம் தாங்கும்.

22 காரட்டிலேயே வெள்ளையாக வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், கலவைக்கு மிஞ்சுவது 84 பங்குதான். மஞ்சளை மறைக்க அது பத்தாது. மேலே பூசி வெள்ளையாக்கித் தரலாம், ஆனால் தேய்ந்த இடத்தில் மஞ்சள் அப்பட்டமாகத் தெரியும். இன்னொரு கணக்கையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு பவுன் 22 காரட்டில் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 7.33 கிராம். 18 காரட்டில் 6 கிராம். பிள்ளைக்குச் சேமிப்பாக நகை சேர்க்கிறவர்கள் 22 காரட்டிலேயே நிற்பது நல்லது. வெள்ளைத் தங்கம் ஆசைப்பட்டு அணிவதற்கு.

ஹால்மார்க் பாருங்கள். பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, 18கே750 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி, மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறு இலக்கக் குறியோடுதான் ஹால்மார்க் நகையை விற்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் ஒன்று: அந்த முத்திரை தங்கம் எவ்வளவு என்றுதான் சொல்லும். மீதிக் கால் பங்கு பல்லேடியமா நிக்கலா என்று சொல்லாது. அதை நீங்கள்தான் கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நிக்கல் பலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது. புதுசில் ஒன்றும் தெரியாது, ரோடியம் தடுத்துக்கொண்டிருக்கும். அது தேய்ந்ததும் வியர்வையில் நிக்கல் கசிந்து தோலில் படும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் கேட்க வேண்டுமா? மோதிரத்தடி சிவந்து, அரித்து, தோல் உரியும். சோப்பு சேரவில்லை, கிரீம் சேரவில்லை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், மோதிரத்தைக் கழற்ற மாட்டார்கள். காது குத்திய புண்ணில் நிக்கல் படுவது இன்னும் மோசம். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. கைக்குழந்தைக்குக் காது குத்த நிக்கல் கலந்த கம்மலை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். தண்ணீர்த் தொட்டி கழுவும்போதும், குளியலறை தேய்க்கும்போதும், நீச்சல்குளத்தில் இறங்கும்போதும் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். குளோரின் தங்கத்தோடு கலந்திருக்கும் மற்ற உலோகங்களை அரிக்கும். கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் வளைத்து அழுத்தப்பட்டவை என்பதால் அங்கேதான் முதலில் விரிசல் விடும். ஒருநாள் கல் விழுந்த பிறகே தெரியும். குற்றாலத்துக்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கும் முன் மோதிரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் விரலில் அது எப்போது நழுவியது என்றே தெரியாது.

சுத்தம் செய்வது எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு ஒன்றிரண்டு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவையுங்கள். குழந்தைப் பல் துலக்கும் பிரஷால் கல்லின் பின்பக்கத்தை மெதுவாகத் தேய்த்து, கிண்ணத்திலேயே அலசி, துணியில் ஒற்றுங்கள். விளக்கு தேய்க்கும் பொடி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். அவை அழுக்கோடு முலாமையும் கொண்டுபோய்விடும்.

மறுமுலாமுக்குக் கொடுக்கும்போது உங்கள் முன்னாலேயே எடை போடச் சொல்லுங்கள். பூசும் முன் கீறல் போக மெருகு போட வேண்டும், அதில் தூசி அளவு தங்கம் போகத்தான் செய்யும். அதனால் லேசாக மஞ்சள் தெரிந்த உடனே ஓடி வராதீர்கள், கண்ணுக்கு உறுத்தும்போது வந்தால் போதும். மோதிரத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுப் பூசுங்கள், பற்றவைத்த இடம் எப்படியும் நிறம் மாறும். முத்து பதித்த நகையாக இருந்தால் முத்தைக் கழற்றிவிட்டுத்தான் முலாம் தொட்டியில் இறக்க வேண்டும். அது அமிலக் கரைசல். நம் தூத்துக்குடி முத்தே ஆனாலும் அமிலம் பட்டால் பொலிவு போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் முடியாது.

நன்றி, வணக்கம்.