இஸ்ரவேலின் கன்மலை

பெரியவர்களே, நண்பர்களே, வணக்கம்.

1948ஆம் ஆண்டு மே 14, வெள்ளிக்கிழமை. டெல் அவிவ் நகரத்தில் ரோத்சைல்டு சாலையில் உள்ள ஒரு அருங்காட்சியகத்தில் மாலை நான்கு மணிக்குக் கூட்டம். பாலஸ்தீனத்தில் பிரிட்டன் ஆட்சி அன்று நள்ளிரவோடு முடிகிறது. நள்ளிரவு வரை காத்திருந்து சுதந்திரம் அறிவிக்க அங்கே கூடிய யூதத் தலைவர்களால் முடியவில்லை. பொழுது சாய்ந்தால் சபாத் தொடங்கிவிடும். ஓய்வுநாளில் பக்தியுள்ள யூதர் பேனாவைத் தொட மாட்டார். ஆகவே வெயில் இருக்கும்போதே, சுமார் அரை மணி நேரத்தில், இஸ்ரேல் என்ற நாட்டை அறிவித்து முடித்தார்கள்.

அதற்கு முன்பு ஒரு சொல்லுக்காகப் பெரிய வாக்குவாதம் நடந்தது. பிரகடனத்தின் கடைசிப் பத்தியில் கடவுள் பெயர் வர வேண்டும் என்றார் ரபி, அதாவது யூத மதகுரு, யெஹூதா லெய்ப் மைமோன். வரவே கூடாது, நம்பாத என்னை நம்புகிறேன் என்று கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள் என்றார் இடதுசாரியான அஹரோன் சிஸ்லிங். கூட்டத்தின் தலைவரான டேவிட் பென் குரியன் நடுவில் நின்று ஒரு சொல்லைப் பிடித்தார்: 'இஸ்ரவேலின் பாறை'. தமிழ் பைபிள் வாசித்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். நம் மொழிபெயர்ப்பில் அது 'கன்மலை'. கன்மலை என்றால் யார் என்று சபையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் தெரியும். நம்புகிறவர் அதைக் கடவுள் என்று படிக்கலாம். நம்பாதவர் மக்களின் உறுதி என்று படிக்கலாம். 'பாறையும் மீட்பருமானவர்' என்று எழுதுங்கள் என்று ரபி கேட்டார். மீட்பர் என்று வந்துவிட்டால் வேறு பொருள் சொல்ல இடமில்லை. அதனால் மீட்பரை விட்டுவிட்டார்கள். பாறை மட்டும் நின்றது.

யூதத் தாயகம் மதத்தால் வந்ததா, அரசியலால் வந்ததா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் இந்தப் பாறையைத்தான் காட்டுவேன். இந்தக் கதை முழுக்க இரண்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரின் நினைவை யூதர்கள் வழிபாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை காலால் ஒரு கண்ணாடி டம்ளரை மிதித்து உடைப்பார். அந்த இடிந்த ஆலயத்தின் துக்கம் நம் சந்தோஷத்திலும் இருக்கட்டும் என்பதற்காக. பஸ்கா விருந்து முடியும்போது 'அடுத்த வருஷம் எருசலேமில்' என்பார்கள். எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. போலந்திலோ ரஷ்யாவிலோ வாழ்ந்த யூதர், தான் இருக்கிற ஊரின் பருவத்தைப் பார்க்காமல், பாலஸ்தீனத்தின் பருவத்துக்கு மழை கேட்டார். கூடாரப் பண்டிகை முடிவில் மழைக்கு ஜெபம், பஸ்காவில் பனித்துளிக்கு ஜெபம். அவர் பார்த்தே இராத வயல்களுக்கு வேண்டிய மழை அது.

ஆனால் இந்த ஏக்கம் பதினெட்டு நூற்றாண்டுகளாக எந்த நாட்டையும் உருவாக்கவில்லை. சிலர் போனார்கள், புனித நகரங்களில் படித்து, ஜெபித்து, அங்கேயே இறந்தார்கள். மீதிப் பேர் காத்திருந்தார்கள். மேசியா வந்து அழைத்துப்போவார், அவருக்கு முன்னால் மனிதன் அவசரப்படுவது பாவம் என்பதே பல ரபிகளின் போதனை. தாயக இயக்கம் தொடங்கியபோது அதை முதலில் எதிர்த்தவர்களில் மிகப் பக்தியானவர்களும் இருந்ததற்குக் காரணம் இதுதான். இதை நாம் மறந்துவிடுகிறோம்.

காத்திருந்தவர்களை எழுப்பியது பயம். 1881இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும் தெற்கு ரஷ்யாவில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. ஒடெசா நகர மருத்துவர் லியோன் பின்ஸ்கர், யூதர்கள் ரஷ்யர்களோடு கலந்து வாழ முடியும் என்று அதுவரை நம்பியவர். 1882இல் அவர் எழுதிய சிறு நூலில் அந்த நம்பிக்கை இல்லை. நமக்கு வேண்டியது புனித பூமி அல்ல, நமக்கென்று ஒரு பூமி என்று எழுதினார். அந்தக் கவலையில் மதம் இல்லை, உயிர்தான் இருக்கிறது.

அப்புறம் தியோடர் ஹெர்சல் வருகிறார். வியன்னாவின் பெரிய பத்திரிகை ஒன்றின் பாரிஸ் நிருபர். பிரெஞ்சு ராணுவத்தில் தேசத்துரோகி என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட யூத அதிகாரி திரைஃபஸின் மேலங்கிப் பட்டைகளைப் பிய்த்தெறிந்து அவமானப்படுத்தியபோது செய்தி எழுதியவர். அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பார்கள். எபிரேயம் அவருக்குச் சரியாகத் தெரியாது. 1896இல் யூத நாடு பற்றி அவர் எழுதிய நூலில் 'பாலஸ்தீனமா, அர்ஜென்டினாவா?' என்றே ஒரு பகுதி உண்டு. மறு ஆண்டு தாயக இயக்கத்தின் முதல் மாநாட்டை மியூனிக்கில் நடத்தப் பார்த்தார். நாங்கள் ஜெர்மானியர்கள், எங்களைச் சந்தேகத்துக்கு ஆளாக்காதீர்கள் என்று அங்கிருந்த யூதர்களும் ரபிகளும் எதிர்த்ததால் சுவிட்சர்லாந்தின் பாசலுக்கு மாற்றினார்.

1903 ஏப்ரலில் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு பிரிட்டன், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மேட்டு நிலத்தைத் தருகிறோம் என்றது. உகாண்டா திட்டம் என்பார்கள். உண்மையில் அந்த இடம் இன்றைய கென்யாவில் இருக்கிறது. உயிர் தப்ப ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று ஹெர்சல் நினைத்தார். ஆகஸ்டில் ஆறாம் மாநாட்டில் ஓட்டெடுப்பு: போய்ப் பார்த்துவர ஒரு குழுவை அனுப்பலாம் என்று 295 பேர், கூடாது என்று 178 பேர். தோற்றவர்களான ரஷ்ய யூதர்கள் வெளிநடப்புச் செய்து, ஆலயம் இடிந்த நாளுக்குத் துக்கம் காக்கிற மாதிரி தரையில் உட்கார்ந்து அழுதார்கள். கிஷினேவிலிருந்து வந்தவர்களே எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ரத்தம் காயாத ஊரிலிருந்து வந்தவர்கள்! அவர்களில் பலர் கோயில் குளம் என்று போகிறவர்களும் அல்ல. சோஷலிசம் பேசிய இளைஞர்கள். ஆனால் தாத்தா எந்த வயலுக்கு மழை கேட்டாரோ, அந்த வயல் அல்லாத வேறொன்று அவர்களுக்கு வேண்டாம். ஹெர்சல் மாநாட்டை முடிக்கும்போது வலது கையை உயர்த்தி, எருசலேமே, உன்னை மறந்தால் என் வலது கை செயலற்றுப் போகட்டும் என்ற சங்கீத வரியை எபிரேயத்தில் சொல்ல வேண்டியிருந்தது. மறு ஆண்டே 44 வயதில் இறந்துபோனார்.

எங்காவது ஒரு நாடு வேண்டும் என்றது அரசியல். எங்கே என்று சொன்னது ஜெபப் புத்தகம். நம்பிக்கையை விட்டவர்களும் அந்த வரைபடத்தை விடவில்லை.

இனி லண்டனுக்குப் போவோம். 1917 நவம்பர் 2ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பல்ஃபர், பிரிட்டன் யூதர்களின் முக்கியத் தலைவரான ரோத்சைல்டு பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாலஸ்தீனத்தில் யூதருக்கு ஒரு தேசியத் தாயகம் அமைய உதவுவோம் என்ற வாக்குறுதி அதில் இருந்தது. அந்த வாக்குறுதி மட்டும் ஆங்கிலத்தில் 67 சொற்கள். ஏன் கொடுத்தார்கள்? சூயஸ் கால்வாய் இருக்கிறது, இந்தியாவுக்கு வழி இருக்கிறது, அமெரிக்க, ரஷ்ய யூதர்களின் ஆதரவு போரில் உதவும் என்ற கணக்கு இருக்கிறது. இதெல்லாம் அரசியல். ஆனால் பிரதமர் லாயிட் ஜார்ஜ் வேல்ஸ் கிராமத்தில் பைபிளோடு வளர்ந்தவர். ஞாயிறு பள்ளியில் படித்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு எரிகோவும் பெத்லகேமும் பக்கத்து ஊர் மாதிரி. தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் என்றே ஊர் இருக்கிறது. அந்தப் பழக்கம் எப்படி மனதில் உட்காரும் என்று நமக்குத் தெரியும். யூதர் பாலஸ்தீனத்துக்குத் திரும்புவார்கள் என்பது லாயிட் ஜார்ஜ் போன்றவர்களுக்கு வேதத்தில் எழுதியிருக்கிற விஷயம். அதற்கு முன்பே, வியன்னாவில் ஹெக்லர் என்ற ஆங்கிலிகன் பாதிரியார் தீர்க்கதரிசனக் கணக்குப் போட்டு, காலம் வந்துவிட்டது என்று ஹெர்சலைத் தேடிப்போய், ஜெர்மன் இளவரசர்களிடம் அறிமுகம் செய்துவைத்தார்.

இதே பல்ஃபர் பிரதமராக இருந்தபோதுதான், 1905இல், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இங்கிலாந்துக்குள் வருவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. இது எனக்கு ஆறவே ஆறாது. இங்கே வராதீர்கள் என்ற கைதான் அங்கே போங்கள் என்றும் எழுதியது. இதைத் தெளிவாகப் பார்த்தவர் 1917இல் லாயிட் ஜார்ஜ் அரசில் இருந்த யூத அமைச்சர் எட்வின் மாண்டேகு. ஆம், நம் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் மாண்டேகு. பாலஸ்தீனம் யூதரின் நாடு என்று சொல்லிவிட்டால், மற்ற எல்லா நாடுகளும் தங்கள் யூதர்களை அங்கே போகச் சொல்லும் என்று எதிர்த்தார். அவர் இந்தியாவுக்குப் பயணம் வந்துகொண்டிருந்த சமயத்தில் அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஹிட்லர் காலத்தில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களுக்கும் உலகம் கதவைத் திறக்கத் தயங்கியது. அதன் பிறகு 'ஏன் ஒரு நாடு?' என்று அவர்களிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வராது.

ஆனால் அந்த 67 சொற்களை இன்னொரு முறை படியுங்கள். அப்போது பாலஸ்தீனத்தில் பத்தில் ஒன்பது பேர் அரபுகள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும். கடிதத்தில் அவர்கள் பெயர் இல்லை. 'யூதரல்லாத சமூகங்கள்' என்று இருக்கிறது. சிவில் உரிமை, மத உரிமை காக்கப்படும் என்று இருக்கிறது. அரசியல் உரிமை என்ற சொல் அவர்களுக்கு எழுதப்படவில்லை.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. 1899 மார்ச்சில் எருசலேமின் முன்னாள் மேயர் யூசுப் தியா அல்-காலிதி பிரான்சின் தலைமை ரபிக்குக் கடிதம் எழுதினார். யூதருக்கு அந்த மண்ணோடு உள்ள பழைய உறவை அவர் மறுக்கவே இல்லை. இங்கே மக்கள் வாழ்கிறார்கள், கடவுளின் பெயரால் பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்டார். கடிதம் ஹெர்சல் கைக்குப் போனது. அவர் மரியாதையாகப் பதில் எழுதினார்: அவர்களை வெளியேற்ற யார் நினைக்கிறார்கள்? எங்கள் வரவால் அவர்கள் செல்வம் பெருகும்.

மே 14 மாலை அந்த அருங்காட்சியகத்தில் பென் குரியன் தலைக்கு மேலே ஹெர்சலின் படம் மாட்டியிருந்தது. அங்கிருந்து தெற்கே நடந்துபோகிற தூரத்தில் யாஃபா துறைமுகம். சுமார் 70,000 அரபுகள் வாழ்ந்த ஊர். முந்தின நாள்தான் அது சரணடைந்திருந்தது. கூட்டம் நடந்த நேரத்தில் அந்த ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 4,000 பேர்.