'மரிவேரே' என்று தேடினால் எந்தப் பாட்டு வரும்?

[திரையில்: காலியான தேடல் பெட்டி. 'மரிவேரே' என்று எழுத்து எழுத்தாக விழுகிறது.]

உங்கள் போனில் இருக்கிற மியூசிக் ஆப்பைத் திறந்து 'மரிவேரே' என்று தேடிப் பாருங்கள். வீடியோவை நிறுத்திவிட்டே தேடுங்கள், பரவாயில்லை.

என்ன வந்தது? ஆனந்தபைரவி ராகத்தில் வந்திருந்தால் அது சியாமா சாஸ்திரி இயற்றியது. ஷண்முகப்ரியாவோ லதாங்கியோ வந்திருந்தால் பட்டணம் சுப்பிரமணிய ஐயர். மூன்றும் தனித்தனிப் பாட்டு. ராகம் வேறு, சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், வேறு. ஆனால் பட்டியலில் மூன்றுக்கும் 'மரிவேரே' என்ற ஒரே பெயர்தான். அதைவிடக் கொடுமை, பல இடங்களில் இயற்றியவர் என்ற கட்டத்தில் பாடியவர் பெயர் போய் உட்கார்ந்திருக்கும்.

வணக்கம். ஒரு கர்நாடக சங்கீத உருப்படிக்கு, அதாவது ஒரு பாட்டுக்கு, டேட்டாபேஸில் எப்படிப் பெயர் வைப்பது, எப்படி வரிசைப்படுத்துவது என்று இன்றைக்குப் பேசப் போகிறோம். வறட்டு விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். சாமராஜபேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் ராமநவமிக் கச்சேரி கேட்டு வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரில் நிறைய. அந்த வீட்டுப் பரண்களில் இருக்கிற கேஸட்டுகள் இப்போது எம்பி3 ஆகிக்கொண்டிருக்கின்றன. இன்று தப்பாகப் பெயர் வைத்தால் அந்தத் தப்புதான் நாளைக்கு எல்லா இடத்திலும் பரவும்.

[திரையில்: தலைப்பு அட்டை.]

சிக்கலின் வேர் ஒன்றுதான். நம் பாட்டுகளுக்குத் தனியாகத் தலைப்பு கிடையாது. பல்லவியின், அதாவது பாட்டின் முதல் பகுதியின், முதல் வார்த்தைதான் பெயர். ஒரே தெருவில் மூன்று லக்ஷ்மி இருந்தால் மாடி வீட்டு லக்ஷ்மி, டீச்சர் லக்ஷ்மி, பூக்கார லக்ஷ்மி என்று நாமே பிரித்துக் கூப்பிட்டுக்கொள்வோம் இல்லையா, அதேபோல் ரசிகர்களும் 'மோகன நின்னுகோரி', 'வசந்தா நின்னுகோரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். முதலாவது ராம்நாடு ஸ்ரீனிவாச ஐயங்காரின் வர்ணம், மற்றது தச்சூர் சிங்காராசார்யுலுவின் வர்ணம். மனுஷர்களுக்கு இது போதும். கம்ப்யூட்டருக்குப் போதாது.

சரி, மேற்கத்திய சங்கீதத்தில் என்ன செய்தார்கள்? எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது.

[திரையில்: பழைய புத்தகத்தின் அட்டை, மேலே 'K' என்ற எழுத்து.]

மொஸார்ட் 1791இல் இறந்துவிட்டார். எழுதிய உருப்படிகள் 600க்கும் மேல். எழுபது வருஷம் கழித்து, 1862இல், லுட்விக் ஃபான் கோஷெல் என்பவர் அத்தனையையும் எழுதிய கால வரிசைப்படி அடுக்கி 1 முதல் 626 வரை எண் கொடுத்தார். 626 என்பது மொஸார்ட் முடிக்காமல் விட்டுப்போன ரெக்வியம், இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை. இத்தனைக்கும் கோஷெலுக்குச் செடிகொடிகளிலும் கனிமங்களிலும் பெரிய ஈடுபாடு. தாவரம் பொறுக்கி அட்டவணை போட்டுப் பழகிய கைதான் மொஸார்ட்டையும் அட்டவணை போட்டது. அந்தக் காரியத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு வம்பு வந்தது. எண்ணுக்குள்ளேயே காலத்தைப் பொதிந்துவிட்டார் இல்லையா? பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் 'இது அந்த வருஷம் எழுதியதே இல்லை' என்று கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க எண்களும் நகர ஆரம்பித்தன. அவருடைய 25ஆம் சிம்பொனிக்கு கோஷெல் கொடுத்த எண் 183. 1964இல் வந்த ஆறாம் பதிப்பில் அதற்கு என்ன எண் தெரியுமா? 173டிபி! இரண்டு எண்ணையும் எழுதினால்தான் ஆளுக்குப் புரியும் என்ற நிலைமை. கடைசியில் 2024இல் வந்த புதிய பதிப்பு காலத்தைத் துரத்துவதையே விட்டுவிட்டுப் பழகிய பழைய எண்களுக்கே திரும்பியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. உருப்படிக்குக் கொடுக்கிற எண்ணில் காலம், ராகம், மேளகர்த்தா (தாய் ராகம்) என்று எதையும் ஒளித்து வைக்கக் கூடாது. 'தியாகராஜர் – 28 – 014' மாதிரி அழகாக எண் போடலாம் என்று பலருக்குத் தோன்றும். நாளைக்கு அந்தப் பாட்டு தியாகராஜருடையது இல்லை என்று தெரிந்தால் எண்ணையே மாற்ற வேண்டி வரும். மியூசிக்பிரெயின்ஸ் என்ற திறந்த டேட்டாபேஸில் ஒவ்வொரு உருப்படிக்கும் 36 எழுத்து நீளத்தில் அர்த்தமே இல்லாத ஓர் அடையாளம் இருக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் அதுதான் சரி.

'தியாகராஜருடையது இல்லை என்று தெரிந்தால்' என்று சும்மா சொல்லவில்லை.

[திரையில்: கேஸட் உறை, க்ளோஸப். நீல மையில் கையெழுத்து.]

ராஜாஜிநகரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா கொடுத்த கேஸட் இது. உறையைப் பாருங்கள். ஒரு பக்கம் தமிழில், மறு பக்கம் கன்னடத்தில் எழுதியிருக்கிறார். ஏ பக்கத்தின் கடைசி வரி: 'ப்ரோசேவாரெவருரா – கமாஸ் – தியாகராஜர்'. ரொம்பப் பரவலான தப்பு இது. பல்லவியில் 'ரகுவர' என்று ராமரைக் கூப்பிடுகிறது, தெலுங்கு சாகித்யம், கேட்டால் நெஞ்சு உருகுகிறது. தியாகராஜர் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் சரணத்தைக் கேளுங்கள். யானையரசனைக் காப்பாற்றிய 'வாசுதேவுடு நீவே கதா' என்று வரும். அங்கே இருக்கிறது முத்திரை, இயற்றியவர் பாட்டுக்குள்ளேயே வைக்கிற கையெழுத்து. இது மைசூர் வாசுதேவாசார்யரின் கீர்த்தனை. 1865இல் பிறந்தவர், நம் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சிஷ்யர். தன் கர்நாடக மண்ணிலேயே அவர் பாட்டு அவர் பெயரில் இல்லாமல் கிடப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

முத்திரையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: முத்துசாமி தீக்ஷிதருக்கு 'குருகுஹ', சியாமா சாஸ்திரிக்கு 'சியாமகிருஷ்ண', ஸ்வாதித் திருநாளுக்கு 'பத்மநாப', பாபநாசம் சிவனுக்கு 'ராமதாசன்'. ஆனாலும் முத்திரை முடிவான சாட்சி ஆகாது. த்விஜாவந்தி ராகத்தில் 'அகிலாண்டேஸ்வரி ரக்ஷமாம்' பாட்டில் 'குருகுஹ' இருக்கிறது. ஆனால் 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் அந்தப் பாட்டு இல்லை. அதனால் அது முத்துசாமி தீக்ஷிதருடையதுதானா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அதனால்தான் 'இயற்றியவர்' கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'யார் சொன்னது' என்று இன்னொரு கட்டம் வேண்டும் என்கிறேன். கேஸட் உறையா, அச்சான புத்தகமா, மேடையில் அறிவித்ததா என்று அதில் எழுதுங்கள்.

கேஸட்டை எடுத்த கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கீர்த்தனை நிரவலுக்கு (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) நடுவில் ஏ பக்கத்தில் அறுந்து, பி பக்கத்தில் தொடர்கிறது. கம்ப்யூட்டரில் இரண்டு ஃபைல். ஆனால் பாடியது ஒரு தடவை, உருப்படியும் ஒன்று. ஃபைலுக்கு ஒரு உருப்படி என்று கணக்கு வைத்தால் இங்கேயே தடம் புரண்டுவிடும்.

[திரையில்: மூன்று அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன.]

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ராகம் யாருடைய சொத்து? பாட்டினுடையதா, பாடுகிறவருடையதா?

மேற்கத்திய டேட்டாபேஸில் பொதுவாக இரண்டு அடுக்கு: உருப்படி, அதன் ஒலிப்பதிவு. தியாகராஜர், தீக்ஷிதர் என்றால் நமக்கும் அது பொருந்தும். சாகித்யமும் மெட்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. ராகம் உருப்படியோடு ஒட்டிக்கொண்டது. 'நிதி சால சுகமா' என்றால் கல்யாணிதான். புரந்தரதாசரை எடுங்கள். அவர் போட்ட மெட்டுகள் நம் கைக்கு வரவில்லை. அவருடைய அதே தேவர்நாமாவை (கன்னட பக்திப் பாட்டை) ஒருவர் ஒரு ராகத்தில் பாடுவார், மல்லேஸ்வரத்தில் அடுத்த கச்சேரியில் இன்னொருவர் வேறு ராகத்தில் பாடுவார். இரண்டும் சரி. அருணாசலக் கவிராயரின் 'யாரோ இவர் யாரோ' ஆதியில் சாவேரி, இன்று மேடையில் பைரவி. திருப்பாவை ஆண்டாளுடையது, கச்சேரியில் நாம் கேட்கிற முப்பது மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. 'மார்கழித் திங்கள்' பாசுரத்துக்கு 'ராகம்: நாட்டை, இயற்றியவர்: ஆண்டாள்' என்று ஒரே வரியில் எழுதினால் ஆண்டாள் நாட்டையில் பாடினாள் என்று ஆகிவிடும்!

'குறையொன்றுமில்லை' இன்னும் தெளிவான உதாரணம். வரிகள் ராஜாஜி. சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என்று ராகமாலிகையாக மெட்டமைத்தவர் கடையநல்லூர் வெங்கடராமன். பாடியவர் எம்.எஸ். பட்டியலில் நிற்பது பெரும்பாலும் எம்.எஸ். பெயர் மட்டும்தான். வெங்கடராமனை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அவருக்கான கட்டமே இல்லை என்றால் அவர் காணாமல் போய்விடுவார்.

அதனால் நமக்கு மூன்று அடுக்கு வேண்டும்: சாகித்யம், மெட்டு, பாடியது. ராகமும் தாளமும் நடு அடுக்கில் இருக்கட்டும். தியாகராஜருக்கு ஒரு சாகித்யம், ஒரு மெட்டு. புரந்தரதாசருக்கு ஒரு சாகித்யம், கீழே பல மெட்டுகள். 'அப்படியானால் பாடாந்தரம், அதாவது ஒரே பாட்டைப் பரம்பரைக்குப் பரம்பரை கொஞ்சம் வேறாகப் பாடுவது?' என்று கேட்பீர்கள். வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று தியாகராஜரின் சிஷ்ய பரம்பரைகள் குறைந்தது மூன்று இருக்கின்றனவே. என் கருத்து, பாடாந்தரத்துக்குத் தனி மெட்டுப் பதிவு வேண்டாம், பாடியது என்ற அடுக்கில் ஒரு குறிப்பாக இருந்தால் போதும். இல்லாவிட்டால் 'எந்தரோ மஹானுபாவுலு' நூறு துண்டாகிவிடும். உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் கமென்டில் சண்டைக்கு வாருங்கள், நிஜமாகவே கேட்க ஆசை.

இதையெல்லாம் வெளியில் யாரும் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். 2011இல் ஸ்பெயினில், பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் காம்ப்மியூசிக் என்ற ஆராய்ச்சித் திட்டம் ஆரம்பித்தார்கள். கர்நாடக சங்கீதமும் அதில் உண்டு. மியூசிக்பிரெயின்ஸில் உருப்படிக்கு ராகம், தாளம் என்று தனிக் கட்டங்கள் இன்று இருக்கின்றன. பார்சிலோனாவில் உட்கார்ந்து கமாஸைப் பதிவு செய்திருக்கிறார்கள்! சப்ஸ்க்ரைப் பண்ண நல்ல நேரம் இதுதான்.

[திரையில்: 'பந்துவராளி = ?']

ராகப் பெயர், சுருக்கமாக. தீக்ஷிதரின் 'ராமநாதம் பஜேஹம்' புத்தகத்தில் காசிராமக்ரியா, மேடையில் பந்துவராளி, சில சிடிகளில் காமவர்த்தினி. ஒன்றை முக்கியப் பெயராக வையுங்கள், மற்றவற்றை மாற்றுப் பெயராகச் சேருங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

எழுத்துக்கூட்டலுக்கும் அதே வழி. தியாகராஜரின் ஆரபி ராகப் பஞ்சரத்னக் கீர்த்தனையை 'ஸாதிஞ்சனே' என்பவர்கள் உண்டு, 'ஸாதிஞ்செனே' என்று திருத்துகிறவர்களும் உண்டு. இரண்டில் எதைத் தேடினாலும் பாட்டு கிடைக்க வேண்டும். மூல மொழியின் எழுத்தில் ஒரு பெயர், ஐஎஸ்ஓ 15919 என்ற சர்வதேச எழுத்துமாற்று முறைப்படி ரோமன் எழுத்தில் ஒன்று, அப்புறம் ஜனங்கள் எழுதுகிற எல்லா வடிவமும் மாற்றுப் பெயராக.

[திரையில்: காலிக் கட்டங்கள் உள்ள ஒரு ஷீட்.]

கடைசியாக, ராகம் தானம் பல்லவி, கச்சேரியில் ஒரே வரியை வைத்து விரிவாகப் பாடுகிற பகுதி. பல்லவி வரி ஒன்று இருக்கும், இயற்றியவர் பல சமயம் தெரியாது. தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்குச் சாகித்யமே கிடையாது. அதற்காகப் போலியாக ஓர் உருப்படி உண்டாக்க வேண்டாம். மிருதங்க வித்வான் பெயரையும் தாளத்தையும் பாடியது என்ற அடுக்கில் எழுதினால் போதும். தெரியாத கட்டத்தில் 'பாரம்பரியம்' என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கட்டம் காலியாக இருந்தால்தான் தெரிந்த ஒருவர் வந்து நிரப்புவார். இந்த ஷீட்டின் மாதிரி டெஸ்க்ரிப்ஷனில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கேஸட் ஒன்றிலிருந்து பல்லவி வரி, ராகம், தாளம், பாடியவர், எந்த ஊர்க் கச்சேரி என்று கமென்டில் எழுதுங்கள். இயற்றியவர் யார் என்று சேர்ந்தே தேடலாம்.