அம்மம்மாவுக்குப் படம் சொல்கிறேன்

வணக்கம், எல்லோரும் சுகமா? பின்னால் அகவுவது மயில். ஐந்து மணிக்குப் பிறகு எங்கள் பக்கம் இதுதான் பாட்டு. இரணைமடுக் குளக்கட்டில் நின்று எடுப்போம் என்றுதான் வந்தேன், காற்று மைக்கை விடுகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் கீழே இறங்கி வாய்க்கால் ஓரம் வந்துவிட்டேன். இடையில் யாராவது லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் போனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகப் படம் பார்க்க ஆசை, எதிலிருந்து தொடங்குவது என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். என்னிடம் பட்டியல் இல்லை. அம்மம்மா இருக்கிறார். 78 வயது, இங்கிலீசு எழுத்துத் தெரியாது. சப்டைட்டில் ஓடினால் "உதென்ன, கீழ எறும்பு ஊருது?" என்பார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு லப்டொப், அதனால் நான் பார்ப்பதை அவரும் பார்ப்பார். அவர் பார்த்தால் நான் பக்கத்தில் இருந்து கதை சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக இப்படித்தான் போகிறது.

முதல் போட்டது ஈரான் படம், 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்'. மஜித் மஜிதி 1997இல் எடுத்தது. தங்கச்சியின் சப்பாத்தைத் தைக்கக் கொண்டுபோன அண்ணன் அதைத் தொலைத்துவிடுகிறான். வீட்டில் காசில்லை, அப்பாவிடம் சொல்லப் பயம். அவனுடைய சப்பாத்தையே இரண்டு பேரும் மாறி மாறிப் போடுகிறார்கள். காலையில் தங்கச்சி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், முடிந்ததும் ஓடி வந்து தெரு மூலையில் கழற்றிக் கொடுப்பாள், இவன் மாட்டிக்கொண்டு மத்தியான வகுப்புக்கு ஓடுவான். அம்மம்மா அப்படியே ஒட்டிப்போய்விட்டார். கடைசியில் ஓட்டப் போட்டி. இவன் முதலாவதாக வந்து அழுகிறான். அம்மம்மா என்னைப் பார்த்து, "வெண்டவன் ஏன் பிள்ளை அழுறான்?" என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் பரிசுதான் சப்பாத்து. அதைச் சொல்கிற இடத்தில் நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போயிருந்தேன். ஒரே ஒரு வரி, அதை விட்டதில் முழுப் படமும் கவிழ்ந்துவிட்டது. பின்னுக்கு இழுத்து, சொல்லி, திரும்ப ஓட விட்டேன். இரண்டாம் முறை அம்மம்மா சேலைத் தலைப்பை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து படம் ஓடும்போது தேத்தண்ணி கிடையாது.

நான் செய்கிற இந்த வேலைக்கு யப்பானில் ஒரு பெயர் இருந்தது. மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரல் மாற்றிக் கதை சொன்னவர்களை பென்ஷி என்பார்கள். இயக்குநர் அகிரா குரொசாவாவின் அண்ணன் ஹெய்கோ அப்படி ஒரு பென்ஷி. பேசும் படம் வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. 1933இல் ஹெய்கோ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்து வருஷம் கழித்து, 1943இல், தம்பி தன் முதல் படத்தை எடுத்தார். இதை அறிந்த பிறகு, குரொசாவா படம் ஒன்றைக் குரல் கொடுத்துச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் 'செவன் சாமுராய்'. 1954, கறுப்பு வெள்ளை, 207 நிமிஷம். இரண்டு இரவாகப் பார்த்தோம். இதற்கு மாமாவும் வந்து சேர்ந்தார். மாமாவைப் பிறகு சொல்கிறேன், இப்போதைக்கு அவருக்கு நாலு ஏக்கர் வயல் இருக்கிறது என்பது போதும். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கொள்ளைக்காரர்கள் ஊரைப் பார்த்து, இப்போது வேண்டாம், பார்லி அறுத்த பிறகு வருவோம் என்று போகிறார்கள். ஊரார் பட்டணம் போய்ச் சண்டைக்காரரைக் காவலுக்குப் பிடிக்கிறார்கள். கூலி சோறு மட்டும். நான் வாள்வீச்சைப் பார்த்துக்கொண்டிருக்க, மாமா கேட்டது வேறு. "நெல்லரிசியை அவங்களுக்குக் குடுத்திட்டு இவங்கள் என்னத்தைத் தின்னுறாங்கள்?" தினை. அது படத்திலேயே இருக்கிறது, நான் முன்பு இரண்டு தடவை பார்த்தும் கவனிக்காமல் விட்டது. பிறகு, "யானைக்கும் இப்பிடி ஏழு பேர் வேணும்" என்றார். போன காலபோக நெல்லுக்கு யானைக் காவலாக மூன்று கிழமை கொட்டிலில் படுத்தவர் அவர், சொல்லலாம்.

வயல் என்றதும் கொரியாப் படம் ஒன்று. 'மெமரிஸ் ஒஃப் மேர்டர்', பொங் ஜூன் ஹோ, 2003. 'பாரசைட்' எடுத்து 2020இல் ஒஸ்கார் வாங்கினாரே, அவர்தான். எனக்கு 'பாரசைட்'டை விட இதுதான் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள். 1986இலிருந்து 1991வரை ஹ்வாசொங் என்ற இடத்தில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டது உண்மைச் சம்பவம். படம் விளைந்த வயலில் தொடங்கும். கொலை நடந்த இடத்தில் ஒரு கால்தடம் கிடைக்கிறது, ஒரே தடயம். பொலிஸ்காரர் கத்தக் கத்த ஒருவர் உழவு மெசினை அதன் மேல் ஏற்றிக்கொண்டு போகிறார். நாங்கள் சிரித்தோம், சிரித்துவிட்டுக் கூச்சமாகவும் இருந்தது. கொலைகாரன் யாரென்று தெரியாமலே படம் முடியும். கடைசியில் துப்பறிகிறவர் கமராவை நேரே பார்ப்பார், அவன் எங்காவது இருந்து இதைப் பார்ப்பான் என்கிற மாதிரி. 2019இல் மரபணுப் பரிசோதனையில் ஆள் தெரியவந்தது. வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவன். இதை நான் சொன்னதும் அம்மம்மா, "அப்ப அந்தப் பொலிசுக்குச் சொன்னவையோ?" என்று கேட்டார். படத்தில் வருகிற பொலிசுக்கு!

பேய், பிசாசு விரும்புகிறவர்களுக்கு 'ட்ரெயின் டு பூசான்', 2016. ஓடுகிற ரயிலுக்குள் சொம்பிகள், அதாவது எழும்பி நடக்கிற பிணங்கள். மச்சாள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் யாழ்தேவி ரயிலில் ஏறினாள். அறிவியல் படம் என்று சொல்லி ரஷ்யாவின் 'ஸ்டோக்கர்' போட்டேன், தர்க்கோவ்ஸ்கி, 1979. எல்லோரும் நித்திரை. உண்மையைச் சொன்னால் நானும்தான்.

எங்களுக்கு வெளிநாட்டுப் படம் வவுனியாவுக்கு அங்காலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் 'புரஹந்த களுவர', 1997. கண் தெரியாத ஒரு கிழவர், பெயர் வன்னிஹாமி. ஜோ அபேவிக்ரம நடித்தது. இராணுவத்துக்குப் போன மகன் மூடி அடைத்த பெட்டியில் வருகிறான். கிழவர் நம்பவில்லை. நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பம் வைக்கவும் மாட்டார். கடைசியில் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால் வாழைக்குற்றியும் கல்லும். அந்தப் படத்தை 2000ஆம் ஆண்டு அரசு தடுத்தது, அடுத்த வருஷம் உயர் நீதிமன்றம் போய்த்தான் திரைக்கு வந்தது. சிங்களமும் எங்களுக்குச் சப்டைட்டில்தான். அம்மம்மா மட்டும், "உது எங்கட குளம் மாதிரியே கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு 'நொஸ்டால்ஜியா ஃபோர் த லைட்' போடலாமா என்று நிறைய நாள் யோசித்தேன். பத்ரீசியோ குஸ்மான், சிலி, 2010. ஆவணப்படம். அத்தகாமா பாலைவனத்தில் காற்று அவ்வளவு வறட்சி, அதனால் உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் அங்கே. அதே வறட்சியால் மண்ணுக்குள் போன எலும்பும் உக்காது. 1973இல் இராணுவத் தளபதி பினோஷே ஆட்சியைப் பிடித்த பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்களை, வயதான பெண்கள் சின்ன மண்வெட்டியோடு அந்தப் பாலைவனத்தில் தேடுகிறார்கள். அந்தத் தொலைநோக்கி மேலே பார்க்கிற மாதிரி மண்ணுக்குள்ளும் பார்த்தால் என்ன என்று ஒருவர் கேட்கிறார்.

அன்று பெரியம்மாவும் வந்திருந்தார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டு உறவுகள் தொடங்கிய போராட்டப் பந்தலில், தன் மகனின் படத்தோடு இருந்தவர். நான் கதை சொல்லத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை. ஒருவர் தன் சகோதரனின் பாதத்தைச் சப்பாத்தோடு கண்டெடுத்ததைச் சொல்கிற இடத்தில், பாஷை தெரியாமலே பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார். "எத்தினை வருசம் தேடினவை?" படம் வரும்போதே 37 என்றேன். விரலில் எண்ணினார். "அப்ப எங்களுக்கு இன்னும் பாதி கூட வரேல்லை." எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி வைத்தார்.

அந்தக் கிழமை வேறு படம் போடவில்லை.

சரி, மாமா. மாமா தொண்ணூறுகளில் பரந்தன் முல்லைத்தீவு றோட்டில் லொறி ஓடியவர். அவருக்கென்று தேடி எடுத்தது 'த வேஜஸ் ஒஃப் ஃபியர்'. பிரான்ஸ், ஹென்றி ஜோர்ஜ் க்ளூசோ, 1953. எண்ணெய்க் கிணறு தீப்பிடிக்கிறது, அதை அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். கொஞ்சம் குலுங்கினாலே வெடிக்கிற சாமான். இரண்டு லொறி, நாலு பேர், கிரவல் றோட்டு. கதை தென்னமெரிக்காவில், எடுத்தது பிரான்சின் தெற்கில். முதல் ஒரு மணித்தியாலம் லொறி கிளம்பவே கிளம்பாது, மாமா இரண்டு தடவை எழும்பப் பார்த்தார். கிளம்பிய பிறகு அசையவில்லை. தகரம் மாதிரி நெளிந்த றோட்டு ஒன்று வரும், அதில் ஒன்று மெதுவாக ஊர வேண்டும், இல்லையென்றால் வேகமாகப் பறக்க வேண்டும், நடு வேகத்தில் போனால் கதை முடிந்தது. நான் இதைச் சொல்ல வாயெடுக்க முதல் மாமா சொன்னார்: "ஓம், நடுவில போனா உதறும், வேகமாப் போனா மிதக்கும்." அந்த இடத்துக்கு அவர்தான் பென்ஷி.

எண்ணெய்க் குட்டைக்குள் லொறி இறங்குகிற இடத்தில் கரண்ட் போய்விட்டது. லப்டொப் பற்றரி எப்போதோ செத்தது. நேற்று இரவு நடந்தது இது. இன்று காலையிலிருந்து மூன்று தடவை போன் எடுத்து, அந்த லொறி ஏறினதா இல்லையா என்று கேட்கிறார். நான் வாய் திறக்கவில்லை.

அங்கே பாருங்கள், குளக்கட்டில் சைக்கிளில் வருவது மாமாதான். நிறுத்துகிறேன்.