இடுப்பில் கயிறு கட்டிய ஆள்

மொரீஷியஸ் நேயர்களுக்கு வணக்கம். போர்ட் லூயிஸில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது பீட்டர் போத் மலையைப் பார்த்திருப்பீர்கள். 820 மீட்டர் உயரம், மெலிந்த கழுத்து, அதன்மேல் எப்போது உருளுமோ என்று ஒரு குண்டுத் தலை. தேவதைகளின் ஆட்டத்தைப் பார்த்து ஊரில் சொல்லிவிட்டதால் கல்லாகிப்போன பால்காரன் அது என்பார் எங்கள் பாட்டி. மழை மேகம் மூடினால், "அவனுக்கு வெட்கம்டா" என்பார்.

1790இல் குளோத் பெத்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஏறினார் என்பார்கள். பேர்போனது 1832 செப்டம்பர் ஏற்றம்தான். தீவின் தலைமை நில அளவை அதிகாரி கேப்டன் லாயிட், கூட டெய்லர், பில்பாட்ஸ், கெப்பல் என்று மூன்று இளம் அதிகாரிகள். ஏணி, கயிறு சுமக்க 25 பேர். கறுப்பின ஆட்களும் சிப்பாய்களும். சிப்பாய் என்றால் நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள், கவனியுங்கள்.

செங்குத்துப் பாறையில் ஏணி வைத்தார்கள். பாதிகூட எட்டவில்லை. அப்போது லாயிடின் கறுப்பின ஆட்களில் ஒருவர் மெல்லிய கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறும் பாறையைப் பற்றி ஏறினார். அவர் பதறாமல் ஏறியதைப் பார்க்கவே பயமாக இருந்ததாக டெய்லர் எழுதினார். மேலிருந்து அவர் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் அதிகாரிகள் ஏறினார்கள். திரும்பவும் சொல்கிறேன், அன்றைக்கு அந்தப் பாறையில் முதலில் ஏறியவர் அவர். அதிகாரிகள் நால்வர் பெயரும் இருக்கிறது. அவர் பெயரை டெய்லர் எழுதவில்லை. அடிமை முறை ஒழிய இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. பிப்ரவரி 1 விடுமுறை அது ஒழிந்த நாளுக்காகத்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் அந்தத் தலை. அது கழுத்தைவிட வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் பிடித்து ஏற வழியில்லை. துப்பாக்கியில் அம்பு வைத்து, நூல் கட்டிச் சுட்டார் லாயிட். பலிக்கவில்லை. கயிற்றில் கல்லைக் கட்டி வீசினார். விழுந்தது. மறுபடி வீசினார், மறுபடி விழுந்தது. கடைசியில் காற்று சுழன்றடித்து, கல்லை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. கயிற்றேணி மேலே போனது, கொடி பறந்தது, துறைமுகத்தில் பீரங்கி முழங்கியது. காற்று செய்த வேலைக்கு மரியாதை!

தைப்பூசத்துக்குக் கோர் தெ கார்த் மலையில் காவடியோடு ஏறுபவர்களைப் பற்றியும் பேச நினைத்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். சரி, லாயிடின் யானையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1836இல் அவர் வீட்டுக்கு வந்த டார்வின், தீவிலேயே இருந்த அந்த ஒரே யானைமேல் சவாரி போனார். அத்தனை பெரிய உடம்பு, காலடிச் சத்தமே கேட்கவில்லை என்று எழுதினார். வணக்கம்.